குருசடைத் தீவுக்கு ஒரு நாள்: திருநெல்வேலியிலிருந்து போய்வரும் வழி

தீவு பார்க்கப் போகலாம் என்றால் நம்ம ஊரில் உடனே அந்தமான், மாலத்தீவு என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரைக்கும் கரையை ஒட்டியே 21 தீவுகள் கிடக்கின்றன என்பது பலருக்குத் தெரியவே இல்லை. வான் தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரியாசல்லி நான்கும் தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவை. 1986இல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டத்துக் கடல்தான். அதே 1986இல் இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

தேசியப் பூங்கா என்பதால், தெரிந்த படகுக்காரரைப் பிடித்து நினைத்த தீவில் போய் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. வனத்துறை அனுமதி வேண்டும். நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் டிக்கெட் எடுத்து, வழிகாட்டியோடு போய், காலை நனைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஏற்றது பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவு. குந்துகால் படகுத்துறையிலிருந்து வனத்துறையே கூட்டிப் போகிறது. வீட்டில் ஆச்சி, அத்தை, மதினி, பிள்ளைகள் என்று பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்வந்தோம், அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முயல் தீவு என்ற பெயரில் இரண்டு இடம் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிக் கலங்கரை விளக்கத்தோடு இருப்பது ஒன்று, அங்கே சாலை வழியாகவே போகலாம், காணும் பொங்கலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவது அங்கேதான். மண்டபத்துக்கு எதிரே இருக்கும் முயல் தீவு வேறு, அது 21இல் ஒன்று. ஃபோனில் விசாரிக்கும்போது "முயல் தீவுக்குப் போகலாமா" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். குருசடை, குந்துகால் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே கேளுங்கள்.

சரி, எப்போது போவது? இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை, பள்ளிக்கூட லீவைப் பார்த்துத் தேதி குறித்துவிடுகிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முன்னால் போய்விடலாம் என்று வேன் ஏற்பாடு செய்பவர் ஒருவரிடம் பணம் கட்டினோம். தீவு, அடியில் கண்ணாடி பதித்த கண்ணாடிப் படகு எல்லாம் உண்டு என்று அவர் சொன்னார். அங்கே போய் இறங்கினால் கச்சான் காற்று முகத்தில் மணலை வாரி அடிக்கிறது, கடல் முழுக்க வெள்ளை நுரை, படகு எடுக்கவே இல்லை. எண்பது வயது ஆச்சி நாலரை மணி நேரம் வேனில் குலுங்கி வந்து, துறையிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எனக்கு அது இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்து ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டேன். ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும், அந்த நேரம் வடக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது மாறிவிடும். குருசடை இருப்பது தெற்கே, ஆண் கடலில். ஆகவே குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது என்று செய்தி வந்தால் குருசடையை மறந்துவிடுங்கள், இரண்டுக்கும் காற்று ஒன்றுதான். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மழையும் புயல் சின்னமும் வரும், வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பொங்கல் கழிந்து மார்ச் வரைக்கும் உள்ள நாட்கள்தான் நல்ல நாட்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், வெயிலும் ஆளைக் கொல்லாது, பூநாரை, உள்ளான் பறவைகள் வந்திருக்கும் காலம்.

மாதம் முடிவானதும் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள். இந்தத் தீவில் பார்க்க வேண்டியவற்றில் பாதி முழங்கால் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. வத்தத்தில் போனால் அது வெளியே தெரியும், ஏத்தத்தில் போனால் வெறும் கடற்கரையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றுகிறது, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. பாம்பனுக்கு வத்தம் எத்தனை மணிக்கு என்று ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நன்றாக வற்றும். ஆனால் சரியாக அமாவாசை அன்றைக்கே கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்கு ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் பாம்பன் பாலத்தில் வண்டி நகராது, தை அமாவாசை என்றால் சொல்லவே வேண்டாம். ஒன்றிரண்டு நாள் கழித்துப் போங்கள், கடலும் நன்றாக வற்றியிருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி, குளத்தூர், வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் வழியாகப் பாம்பனுக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனங்காடும் உப்பளமும் பார்த்துக்கொண்டே போகலாம். விடிகாலை மூன்றரை மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குப் பாம்பன். ரயில்தான் சௌகரியம் என்றால் கன்னியாகுமரியிலிருந்து நம்ம ஜங்ஷன் வழியாக ராமேசுவரம் போகும் எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது, ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் குந்துகால் வந்துவிடலாம். பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் தெரியும். கப்பல் வந்தால் அதில் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும், இந்தியாவில் இந்த மாதிரிக் கடல் பாலம் இதுதான் முதல்.

முந்தின நாள் மதியமே துறைக்கு ஃபோன் செய்து "நாளைக்குப் படகு உண்டா, காற்று எப்படி" என்று கேட்டுவிடுங்கள், கிளம்பும் காலையிலும் ஒரு தடவை கேளுங்கள். கட்டணத்தை அங்கே பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கவுண்டரிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். வழியில் மறித்து "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் கவனம். முந்தின ராத்திரி பரோட்டா, சால்னா எல்லாம் வேண்டாம், படகில் வயிறு புரட்டும். வழியில் நாலு இட்லி, எண்ணெய் தடவிய பொடி போதும், அதையும் படகு ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் தலைசுற்றலுக்கு நன்றாகக் கேட்கிறது, எங்கள் அத்தை பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவர், மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்த முகமாகவே போய்வந்தார். மதியத்துக்குப் புளிச்சோறும் துவையலும் வாழையிலையில் கட்டி வேனிலேயே வைத்துவிடுங்கள், தீவுக்கு எடுத்துப் போக வேண்டாம். பிளாஸ்டிக் பை, பாட்டில், மிட்டாய்த் தாள் எதுவும் தீவுக்குள் போகக்கூடாது. எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அது மட்டும் போதும். கழிப்பறைக்குக் கரையிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளை.

செருப்பில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றுவிடும், வெறுங்காலோடு போனால் செத்த பவளத்தின் முனை பிளேடு மாதிரி கிழிக்கும். பின்னால் வார் வைத்த சாண்டல் அல்லது பழைய கான்வாஸ் ஷூ போடுங்கள். வெயிலுக்கு கிரீம் பூசிக்கொண்டு தண்ணீரில் இறங்குவதை விட முழுக்கைச் சட்டை, தலைக்கு ஒரு துண்டு நல்லது, சில கிரீம்களில் உள்ள ரசாயனம் பவளத்துக்கே கெடுதல். ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அது தலைக்கு மட்டும் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் இறுக்கிப் போடுங்கள், ஃபோட்டோவுக்காகக் கழற்றுவது வேண்டவே வேண்டாம். விளிம்பில் கால் வைக்காமல் படகின் நடுப்பலகையில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். வயதானவர்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். ஆச்சி தயங்கினார், துறையில் நின்ற பெரியவர் "வாங்கம்மா, நம்ம வீட்டுத் திண்ணைனு நினைச்சு காலை வைங்க" என்று கையை நீட்டியதும் ஏறிவிட்டார்.

கண்ணாடிப் படகில் போகிறவர்கள் நிறையப் பேர் "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வதற்குக் காரணம் கண்ணாடியில் வானம் பிரதிபலிப்பதுதான். அதற்குத்தான் துண்டு. தலையிலிருந்து துண்டை முன்னால் இறக்கி, கண்ணாடிக்கு மேல் சின்னக் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள், கடலடி அப்படியே துலங்கிவிடும். பத்து மணிக்கு மேல் சூரியன் ஏறியிருக்கும்போது வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும், கலங்காத தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. முதலில் பச்சை வயல் மாதிரி ஆடுவது தெரியும். பாசி என்று நினைப்போம், அது பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள கடல்புல். இங்கே தாழை என்கிறார்கள். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது இதைத்தான். ஆவுளியா நம் கண்ணில் படும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது கூச்சப்பட்ட பிராணி. தாழை முடிகிற இடத்தில் பார் ஆரம்பிக்கும். பவளப்பாறைத் திட்டைத்தான் பார் என்கிறார்கள், முத்துப்பார் என்று நம்ம தூத்துக்குடியில் சொன்ன அதே பார்.

தீவில் இறங்கியதும் எல்லோரும் செல்ஃபி எடுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். வழிகாட்டிக்கு இரண்டடி பின்னால் நின்றுகொள்ளுங்கள், அவர் நின்றால் நில்லுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. குருசடை மொத்தமே சுமார் 65 ஹெக்டேர்தான், சுற்றிப் பார்த்து முடிக்கிற இடம் இல்லை அது, நின்று பார்க்கிற இடம். எங்களோடு வந்தவர் அந்தப் பக்கத்து மீனவக் குடும்பத்துக்காரர், சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர். நாங்கள் பத்துப் பேர் கடந்து போன இடத்தில் அவர் நின்று, "இங்க பாருங்க" என்று குச்சியால் காட்டினார். கணுக்கால் தண்ணீரில் கறுப்பாக ஒரு கல். குனிந்து பார்த்தால் அந்தக் கல் மெதுவாக மூச்சு விடுகிறது.

"ஏ ஐயா, இது என்ன, அட்டையால்லா இருக்கு!" என்றார் ஆச்சி.

கடல் அட்டைதான். மணலைத் தின்று, அதில் உள்ள அழுக்கைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை. பக்கத்திலேயே ஈர மணலில் இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரிச் சுருள் சுருளாக மண் கிடந்தது. அதற்கு அடியில் வளை, வளைக்குள் புழு. விலங்கியல் படித்தவர்களுக்குப் பலனோகிளாசஸ் என்ற பெயர் ஞாபகம் இருக்கும், முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் வைத்துப் பாடம் நடத்துவார்களே, அது குருசடை மணலில் வாழ்கிறது. அதற்காகவே தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிப் பிள்ளைகள் இங்கே வந்துபோயிருக்கிறார்கள். எங்கள் மதினி விலங்கியல் எம்.எஸ்ஸி., பரீட்சைக்குப் படம் வரைந்து மனப்பாடம் செய்ததோடு சரி, இருபது வருஷம் கழித்து அந்த மண் சுருளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவரை எழுப்ப முடியவில்லை.

தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டே நடங்கள். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும், மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும், உரசல் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும். பாறை இடுக்கில் கையை விடக்கூடாது. கடல் முள்ளெலி குத்தினால் முள் உள்ளே உடைந்து தங்கும். சொறி என்கிற ஜெல்லி மீன் மிதந்து வந்தால் அதன் இழை நீளமாக இருக்கும், தள்ளியே நில்லுங்கள்.

எதையும் எடுக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லிவிடுங்கள். தம்பி மகன், ஏழு வயது, அழகாக ஒரு சின்னச் சங்கை எடுத்து டவுசர் பையில் போட்டுவிட்டான். வழிகாட்டி அண்ணாச்சி பார்த்துவிட்டார், திட்டவில்லை. "கையில வச்சு அசையாம நில்லு தம்பி, பேசாத" என்றார். அவன் உள்ளங்கையை விரித்து நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சங்கின் வாயில் முதலில் மயிரிழை மாதிரி இரண்டு மீசை, அதற்குப் பின்னால் மிளகு போல இரண்டு கண், கடைசியில் சிவந்த கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அவன் கைரேகை மேல் நடந்தன. அது துறவி நண்டு, அதன் மெத்தென்ற பின்னுடம்புக்குச் சொந்த ஓடு கிடையாது, செத்த சங்குதான் வீடு, உடம்பு பெரிதானால் பெரிய சங்கு தேட வேண்டும். நாம் கரையிலிருந்து அள்ளிக்கொண்டு போகும் ஒவ்வொரு சங்கும் இதில் ஒன்றுக்கு இல்லாமல் போன வீடு. பயல் தானே குனிந்து தண்ணீரில் விட்டான், திரும்பும் வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையில் வெள்ளை வெளேரென்று விரல் விரலாகக் குவிந்து கிடப்பது செத்த பவளம். இதைப் பற்றி வழிகாட்டியிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். பவளத்துக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது, நிறம் கொடுப்பதும் அதுதான். ஏப்ரல், மே மாதம் கடல் சூடு ஏறி வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் பவளம் அந்தப் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும், சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். 2010லும் 2016லும் இந்த வளைகுடாவில் அப்படிப் பெரிய அளவில் நடந்தது. குருசடையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. வியாபாரத்துக்காக வளர்க்க வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற பாசி தப்பி வந்து, உயிரோடு இருக்கும் பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரிப் படர்ந்து மூச்சை அடைத்துவிட்டது.

நம்ம பக்கம் நடந்தது இதை விடக் கொடுமை. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பல வருஷம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள், தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் பழைய சுவர்களை உற்றுப் பார்த்தால் அதில் பவளக்கல் தெரியும். அலையைத் தடுத்து நின்ற பார் போனதும் தீவு கரைய ஆரம்பித்தது. அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவு 1969இல் 20 ஹெக்டேர் இருந்தது, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து செயற்கைப் பார் செய்து கடலில் இறக்கித்தான் கரைவதைத் தடுத்தார்கள். தீவில் இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், இங்கே மிதிக்காதே, அங்கே போகாதே என்று வனத்துறை ஆட்கள் சொல்லும்போது சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தீவின் ஓரத்தில் அலையாத்தி மரங்களைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். வேரில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகாமல் பென்சில் குத்தி வைத்த மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும், சேற்றில் காற்று கிடைக்காது என்பதால் வெளியே வந்து மூச்சு விடுகிறது. அதற்கு நடுவில் கால் வைத்து நடக்காதீர்கள்.

கரைக்குத் திரும்பியதும் குந்துகாலிலேயே விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது, சிகாகோவிலிருந்து திரும்பி 1897 ஜனவரி 26 அன்று அவர் வந்து இறங்கிய இடம். நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்க வசதியான இடத்தைத் துறைக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டால் சாயல்குடி தாண்டும்போது வெளிச்சம் இருக்கும், இருட்டினால் அந்தச் சாலையில் ஆடு மாடு குறுக்கே வரும். வேம்பாரில் நிறுத்திக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்துப் போயும் அன்றைக்குக் காற்று மாறிப் படகு இல்லை என்று சொன்னால் வாதாட வேண்டாம், கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள். அது வடக்கே, பெண் கடலில் இருக்கிறது, தெற்கே கொந்தளிக்கும் நாளிலும் அங்கே பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து ஃபோன் செய்து கேட்டுவிட்டு வண்டியை அந்தப் பக்கம் திருப்புங்கள். அந்த ஜூன் மாதம் இது எனக்குத் தெரிந்திருந்தால் ஆச்சி அன்றைக்கே படகு ஏறியிருப்பார்.